துடைத்தவர் தடம்: கண்ணாடி ஜன்னல் பற்றிச் சில குறிப்புகள்

1

குன்றத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு ஜன்னல்கள். ஆறும் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கண்ணாடி ஜன்னல்கள். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டியபோது அப்பா ஆசைப்பட்டுப் போட்டவை. அந்த ஜன்னல்கள் வழியாகப் பார்த்தால் ஒரு பக்கம் முருகன் கோயில் குன்று தெரியும். இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர் சாலை. அதில் மூன்று ஷிப்டுக்கும் ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி பஸ்கள், எம்-சாண்ட் லாரிகள். தெரியும் என்று சொல்கிறேனே தவிர, வருஷத்தில் பாதி நாள் சரியாகத் தெரியாது. லாரிப் புழுதி கண்ணாடியில் படிந்திருக்கும்.

ஒரு போகிக்கு முந்தைய வாரம் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா ஆறு ஜன்னலையும் கழுவித் துடைத்தார். காலையில் பார்த்தபோது பளிச்சென்று இருந்தது. மூன்று மணிக்கு மேற்கு வெயில் சாய்ந்து விழுந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். கை போன வழியெல்லாம் வளைவு வளைவாகத் தெரிந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தொடைச்சாளா, கோலம் போட்டாளா?" என்றார்கள். மறுநாள் நானும் அதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டேன். அக்கா சொன்னார்: "தண்ணி சரியில்ல தம்பி. எங்கை என்ன பண்ணும்?"

நான் நம்பவில்லை. சாக்கு என்றே எடுத்துக்கொண்டேன். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அவருக்கு முன்னால் வேலை செய்தவரை நாங்கள் நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, 'வேலை சுத்தமாக இல்லை' என்பது. அந்த 'சுத்தமின்மை'க்கு அப்போது காட்டிய சாட்சியும் இதே ஜன்னல்தான்.

கோடில்லாமல் ஜன்னல் துடைப்பது எப்படி என்பது வீட்டுக் குறிப்புப் பகுதிக்கான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கோடு என்பது என்ன, அது யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்று கேட்கத் தொடங்கினால் அது வீட்டுக் குறிப்பாக நிற்பதில்லை. கண்ணாடியின் வரலாறு, துடைப்பவரின் வரலாறு இரண்டும் உள்ளே வந்துவிடுகின்றன. இக்கட்டுரை அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முயல்கிறது.

2

முதலில் சொற்கள். சிலப்பதிகாரத்தில் வருகிற 'காலதர்' என்ற சொல்லைப் பிரித்தால் கால், அதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. 'பலகணி' என்றால் பல கண்களை உடையது. ஆங்கிலத்தின் விண்டோவும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்கிற பொருளில் பிறந்த சொல்தான். நாம் இன்று சொல்கிற 'ஜன்னல்' போர்ச்சுகீசியரின் ஜனேலா. சாவியும் அலமாரியும் மேசையும் வந்த அதே கப்பலில் வந்தது.

அதாவது நம்முடைய பழைய சொற்களில் ஜன்னல் என்பது காற்றுக்கான ஏற்பாடு. பார்வை அதனோடு சேர்ந்து வருவது. மரக் கதவு, இரும்புக் கம்பி, இவை போதும். கதவை மூடினால் காற்றும் பார்வையும் சேர்ந்தே மறையும். கண்ணாடி இந்த இரண்டையும் பிரித்தது. காற்றை நிறுத்தி, பார்வையை மட்டும் விட்டது. உள்ளே இருப்பவர் வெளியின் புழுதியும் சத்தமும் வேக்காடும் படாமல் வெளியைப் பார்க்கலாம். 'வெளி' என்பது இங்கே படமாக மாறுகிறது. படத்தில் அழுக்கு இருக்கக்கூடாது என்கிற எதிர்பார்ப்பும் அங்கேதான் தொடங்குகிறது. கம்பி ஜன்னலில் கோடு விழுந்திருக்கிறது என்று யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை.

கண்ணாடி நமக்குப் புதிது என்று இதற்குப் பொருளல்ல. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த மண்ணில் கண்ணாடி மணிகள் கிடைத்துக்கொண்டிருந்தன. இங்கிருந்து கடல் கடந்து போன மணிகள் அவை. மணி இருந்தது, வளையல் இருந்தது. தட்டையான பெரிய கண்ணாடிப் பலகை இல்லை. கோவாவில் ஜன்னலுக்கு ஒளி ஊடுருவுகிற சிப்பி ஓடுகளைச் சீவிப் பதித்தார்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கு வண்ணக் கண்ணாடியும் நிலைக் கண்ணாடியும் கப்பலில் வந்தன. இங்கிலாந்திலேயே கண்ணாடி ஜன்னல் வெகுகாலம் பணக்காரச் சமாச்சாரம். 1696இல் ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்கள். அந்த வரி 1851 வரை இருந்தது. வரிக்குப் பயந்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்த வீடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. கண்ணாடிமேல் இருந்த தீர்வை 1845இல் நீங்கியது. ஆறே வருஷத்தில், 1851இல், ஏறக்குறைய மூன்று லட்சம் பலகைகள் கொண்ட கண்ணாடி மாளிகையை லண்டனில் எழுப்பி, காலனிகளின் சரக்குகளை உள்ளே வைத்து உலகத்துக்குக் காட்டினார்கள். பார்வையும் பேரரசும் கண்ணாடியும் ஒன்றாக நின்ற இடம் அது.

எங்கள் வீடு போன்ற வீடுகளில் கண்ணாடி முதலில் வந்தது ஜன்னலாக அல்ல, அரிக்கேன் விளக்கின் சிம்னியாக. சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன்னால் சிம்னி துடைப்பது ஒரு வேலை. கை உள்ளே நுழைய வேண்டும் என்பதால் அது சின்னப் பிள்ளைகளின் வேலை. பாட்டி சொல்லிக்கொடுத்த முறை இது: அடுப்புச் சாம்பலைச் சலித்து, கொஞ்சம் தொட்டு, பழைய வேட்டித் துணியால் உள்ளே சுற்று. கரி வந்துவிடும். பிறகு சிம்னியை வாயருகே வைத்து 'ஹா' என்று ஊது. ஆவி படிந்ததும் வேறொரு சுத்தமான துணியால் துடை. தண்ணி தொடாதே. "தண்ணி பட்டா தழும்பு விழும்டா" என்பாள்.

பாட்டி சொன்னதில் இருந்த அறிவியல் எனக்குப் புரிய நாற்பது வருஷம் ஆயிற்று. மூச்சில் வருகிற ஆவி குளிர்ந்து கண்ணாடியில் படிவது காய்ச்சி வடித்த நீர் மாதிரி. அதில் உப்பு இல்லை. அது உலர்ந்தால் மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

3

1664இல் பிரான்சின் அமைச்சர் கோல்பேர் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த வருஷம், 1665இல், அவர் முயற்சியிலேயே அரச கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. வெனிஸிடமிருந்து நிலைக்கண்ணாடி வாங்கிப் பணம் வெளியே போவதை நிறுத்துவது நோக்கம். முரானோ தீவுக் கைவினைஞர்கள் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்பது வெனிஸின் சட்டம். இருந்தும் சிலரை ஆசைகாட்டி பாரிசுக்குக் கொண்டுவந்தார்கள். வெர்சாய் அரண்மனையில் 1684இல் முடிந்த கண்ணாடி மண்டபத்தின் 357 கண்ணாடிகள் அந்தத் தொழிற்சாலையின் விளைவு. பிக்கார்டியில் அந்தத் தொழில் போய் அமர்ந்த கிராமத்தின் பெயர் செயின்ட் கோபைன்.

கோல்பேரின் முதல் கம்பெனி 1674இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது வந்து சேர இன்னும் முந்நூற்றுச் சொச்சம் வருஷம் பிடித்தது. 2000ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைனின் கண்ணாடி உலை உற்பத்தியைத் தொடங்கியது. முதலாவது பீரங்கியோடு வந்தது. இரண்டாவது 1991க்குப் பிந்தைய பொருளாதாரக் கொள்கையின் கதவு வழியாக, அழைப்பின் பேரில் வந்தது. இரண்டையும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. ஒரே மேசையிலிருந்து புறப்பட்ட இரண்டு கோப்புகள் நம் வட்டாரத்தில் வந்து முடிகின்றன என்பதைக் குறித்து வைக்கிறேன். ராமானுஜர் பிறந்த ஊர், 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்று மட்டும் வெளியுலகம் அறிந்திருந்த ஒரு பெயர், கட்டடக் கண்ணாடியின் பெயராகவும் ஆனது இப்படித்தான்.

என் வாதத்துக்கு முக்கியமானது உலைக்குள் நடக்கிற வேலை. பழைய முறையில் உருகிய கண்ணாடியை மேசைமேல் ஊற்றி உருட்டுவார்கள். ஆறியதும் இரண்டு பக்கமும் சொரசொரப்பாக இருக்கும். மணல் போட்டுத் தேய்த்து, பிறகு இன்னும் நைசான பொடி போட்டு மெருகேற்றி, நாள்கணக்கில் ஆட்கள் உழைத்தால்தான் பார்வை ஊடுருவும். தெளிவு என்பதே உழைப்பின் அளவு. பிற்பாடு ராட்சத எந்திரங்கள் அதைச் செய்தன. 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் மிதவைக் கண்ணாடி முறையை அறிவித்தது. மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல், டோலமைட் ஆகியவற்றை 1500 டிகிரிக்கு மேல் உருக்கி, உருகிய வெள்ளீயக் குளத்தின்மேல் ஓடவிடுவது. வெள்ளீயத்தின் மட்டம் எவ்வளவு சமமோ அவ்வளவு சமமாகக் கண்ணாடியும் பரவிவிடும். சுமார் 600 டிகிரியில் கெட்டிப்பட்டு நாடாவாக வெளியே வரும். தேய்க்க வேண்டாம், மெருகேற்ற வேண்டாம். உலையை ஒருமுறை மூட்டினால் பத்துப் பதினைந்து வருஷம் இரவும் பகலும் அணைக்காமல் ஓட்டுவார்கள்.

ஆக, தேய்க்கிற உழைப்பு தொழிற்சாலையில் ஒழிந்தது. அதனாலேயே கண்ணாடி மலிவாயிற்று. மலிவானதால் குன்றத்தூரில் ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தாவின் வீட்டில்கூட ஆறு ஜன்னல் போட முடிந்தது. ஆறு ஜன்னல் வந்ததால் தேய்க்கிற உழைப்பு வேறொரு இடத்தில், வேறொரு உடலில், கூலி குறைவாக, திரும்ப முளைத்தது. தொழிற்சாலை விட்ட இடத்தை ஒரு பெண்ணின் வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தொழில்நுட்ப வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

4

குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர். இங்குள்ள திருநாகேச்சரம் அவர் எழுப்பியது என்பது மரபு. அவருடைய பெரியபுராணத்தில் ஒரு சலவைத் தொழிலாளி வருகிறார்: காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர். கதை நமக்குத் தெரியும். குளிரில் ஒரு கிழ அடியவர் அழுக்குக் கந்தையோடு வருகிறார். துணியை வாங்குகிறார் இவர். பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தர வேண்டும் என்பது நிபந்தனை. துவைத்தாயிற்று. அப்போது மழை பிடிக்கிறது, விடவில்லை. உலர்த்த வழியில்லை. சொன்ன சொல் தவறிற்றே என்று துவைகல்லில் தலையை மோதுகிறார். கல்லிலிருந்து ஒரு கை வந்து தடுக்கிறது.

பக்திப் பிரதியாக இதை வாசிப்பவர்கள் கையைப் பார்ப்பார்கள். நான் மழையைப் பார்க்கிறேன். அவருடைய வேலையில் குற்றம் இல்லை. வெளுப்பு சரியாகவே நடந்தது. உலர்வதுதான் நடக்கவில்லை. உலர்வது அவர் கையில் இல்லை, வானத்தின் கையில் இருந்தது. ஆனாலும் தண்டனையை அவர் தன் தலைக்கே விதித்துக்கொள்கிறார். மழை பெய்த பழியை உழைக்கிறவன் தன் உடலில் ஏற்றுக்கொள்வது அங்கே தொண்டின் உச்சமாகிறது. அவர் பெயரிலேயே இருக்கிறது விஷயம். குறிப்பு: வாய் திறந்து சொல்லாததையும் அறிந்து செய்கிறவர். இன்றைக்கும் வீட்டு வேலைக்கு ஆள் தேடும்போது, "குறிப்பறிஞ்சு செய்யணும், சொல்லிக்கிட்டே இருக்கக் கூடாது" என்றுதானே கேட்கிறோம்? புராணத்தில் கை வந்து தடுத்தது. எங்கள் மாடியில் எந்தக் கையும் வரவில்லை. கணக்கு முடித்து அனுப்பினோம்.

வால்டர் பெஞ்சமின் 1933இல் எழுதிய 'அனுபவமும் வறுமையும்' என்ற சிறு கட்டுரையில் கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறார். கண்ணாடியில் எதுவும் ஒட்டிக்கொள்வதில்லை, அதில் தடம் பதிவதில்லை என்பது அவருக்கு ஒரு நம்பிக்கை. மெத்தையும் திரைச்சீலையுமாக, சொந்தக்காரனின் தடங்களால் நிரம்பி வழிந்த பூர்ஷ்வா அறைக்கு எதிராக அவர் கண்ணாடியை நிறுத்துகிறார். கண்ணாடி ரகசியத்துக்குப் பகை, உடைமைக்கும் பகை என்கிறார். பெஞ்சமினை மதிக்கிறேன். ஆனால் அவர் ஜன்னல் துடைத்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. கண்ணாடியில் எல்லாம் ஒட்டும். விரல் எண்ணெய், சமையல் புகை, லாரிப் புழுதி, பல்லி எச்சம். தடமற்ற கண்ணாடி என்று ஒன்று இருந்தால், யாரோ ஒருவர் சற்று முன்பு வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்றே அர்த்தம்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. அழுக்கு போனால் மட்டும் போதாது. அழுக்கைப் போக்கியவர் வந்துபோனதும் தெரியக்கூடாது. கோடு என்பது அழுக்கு அல்ல. துடைத்த கையின் பாதை. அழுக்கைவிட அதன்மேல்தான் நமக்குக் கோபம் அதிகம். வேலை நடந்திருக்க வேண்டும், வேலை செய்தவர் இருந்ததற்கான அடையாளம் இருக்கக்கூடாது. தீண்டாமையின் பழைய இலக்கணத்துக்கும் நடுத்தர வர்க்கத்தின் இந்தப் புதிய ரசனைக்கும் உறவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கு நலவாரியம் என்று ஒன்று தமிழ்நாட்டில் அமைந்ததே 2007இல்தான். அதுவரை அரசாங்கத்தின் கண்ணாடியிலும் அவர்கள் தெரியவில்லை.

5

அக்கா சொன்னதை நம்பாத நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தேன். ஒரே ஜன்னலின் இரண்டு கண்ணாடிகள். ஒரே துணி, ஒரே கை (என் கை). ஒன்றுக்கு போர்த் தண்ணீர். மற்றொன்றுக்கு மழைத்தண்ணீர். 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அந்தச் சட்டத்துக்காகக் கட்டி, பிறகு நாங்கள் மறந்துபோன தொட்டியில் கிடந்தது அது. மேற்கு வெயில் வந்தது. போர்த் தண்ணீர்க் கண்ணாடியில் கோலம். மழைத்தண்ணீர்க் கண்ணாடியில் ஏதும் இல்லை.

விஷயம் எளிமையானது. எங்கள் போர்த் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. தண்ணீர் ஆவியாகும், அவை ஆவியாகா. கண்ணாடியில் நாம் பார்க்கிற வெள்ளைக் கோடு, கழுவப்பட்ட அழுக்கின் மிச்சமல்ல, கழுவ வந்த தண்ணீரின் மிச்சம். சோப்புப் போட்டால் இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, பிசுக்காகப் படியும். நாங்கள் அக்காவிடம், "நல்லா சோப்புப் போட்டுத் தொடைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிறகு அவரிடமே கேட்டேன், எப்படித் துடைத்தால் கோடு விழாது என்று. அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. சிரித்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்னதையும் நான் பிற்பாடு படித்துச் சேர்த்ததையும் ஒன்றாகத் தருகிறேன்.

வெயில் விழுகிற கண்ணாடியைத் தொடக்கூடாது. துணி போவதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும். காலையிலோ, நிழல் வந்த பிறகோதான். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் சட்டத்தையும் ஜன்னல் ஓடுகிற பள்ளத்தையும் தட்டிப் புழுதியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புழுதியே சேறாகிக் கண்ணாடியில் ஏறும், மணல் இருந்தால் கீறவும் செய்யும். அரை வாளி மழைத்தண்ணீர், அதில் பாத்திரம் தேய்க்கிற திரவம் சில சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். நுரை அதிகமானால் அதுவும் கோடுதான். துணியால் நனைத்துத் தேய்த்த பிறகு ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரின் விளிம்பைத் துடைக்க வேண்டும். இன்று உலகம் முழுக்க உயரக் கட்டடங்களில் புழங்குகிற ஒற்றை ரப்பர் வைப்பரை 1936இல் காப்புரிமை பெற்றவர் எட்டோரே ஸ்டெக்கோனே என்கிற இத்தாலியர். அமெரிக்காவுக்குக் குடியேறி ஜன்னல் துடைத்துப் பிழைத்தவர் அவர். துடைத்த கைக்குத்தான் தெரிந்திருந்தது, உலரவிடாமல் தண்ணீரை முழுசாக இறக்கிவிடுவதே சூட்சுமம் என்று.

ஓரங்களில் நிற்கிற ஈரத்தை, பலமுறை துவைத்துக் கஞ்சியெல்லாம் போன பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்கலாம். புதுத் துணி பஞ்சு விடும். செய்தித்தாளைக் கசக்கித் துடைப்பதும் சரிதான், அது ஈரத்தை உறிஞ்சும், பஞ்சு விடாது. வழவழ விளம்பரத் தாள் உதவாது. முன்பே படிந்து இறுகிப்போன வெள்ளைத் திட்டுக்கு எலுமிச்சம்பழம். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். தடவிக் கொஞ்சநேரம் விட்டு, மழைத்தண்ணீரால் கழுவிவிட வேண்டும். புது வீட்டில் சிமென்ட் பால் தெறித்தால் உடனே கழுவ வேண்டும். அதன் காரம் கண்ணாடியையே அரிக்கும், பிறகு எதனாலும் போகாது.

இவ்வளவுதான். இதில் 'திறமையின்மை' எங்கே இருந்தது? தண்ணீரில் இருந்தது, வேலைக்கு நாங்கள் ஒதுக்கிய நேரத்தில் இருந்தது (வெயில் ஏறிய பத்து மணி), கொடுத்த புதுத் துணியில் இருந்தது, போடச் சொன்ன சோப்பில் இருந்தது. நாலும் எங்கள் தீர்மானம். விளைவு மட்டும் அவர் கையெழுத்தாக வாசிக்கப்பட்டது. பொருளின் நிலைமைகளை ஆளின் குணமாக மொழிபெயர்ப்பது அதிகாரத்தின் மிகச் சாதாரணமான வேலை. வகுப்பறையில், தொழிற்சாலைத் தளத்தில், காவல் நிலையத்தில் அது நடப்பதை நாம் விரிவாக எழுதியிருக்கிறோம். மாடி ஜன்னலில் நடப்பதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்குள் நாமே அதிகாரமாக இருப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இன்னும் ஒன்று பாக்கி. தள்ளு ஜன்னலில் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைக்க, சட்டத்தில் ஒரு காலை வைத்து உடம்பைப் பாதி வெளியே விட வேண்டும். அக்கா அதைப் பல தடவை செய்திருக்கிறார். கீழே சிமென்ட் தரை. எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை, கோடுதான் பட்டது. இப்போது வெளிப்பக்கத்தை நீளக் கம்பு வைத்த வைப்பரால் நான் இழுக்கிறேன். சரியாக வருவதில்லை. மேல் மூலையில் எப்போதும் ஒரு கோடு நிற்கிறது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை.

அக்காவின் பெயரை இங்கே போடவில்லை. போடட்டுமா என்று கேட்டேன். "எதுக்குத் தம்பி, வேற வீட்டுக்காரங்க படிச்சா வம்பு" என்றார். அவருக்கு முன்னால் இருந்தவர் ஒரகடம் பக்கம் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுவதாக அக்காதான் சொன்னார். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குள்தான் இருக்கும். இதுவரை நான் போய்ப் பார்க்கவில்லை.